சனிக்கிழமைக்கு ஒரு சைக்கிள்

குடிபாலா
14-6-1959

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் இன்பசேகரனுக்கு, அசரியா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் உன் அக்காள் எலிசபெத்தும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். திருப்பதியில் நீயும் தபீதாளும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி போடு. பஸ் கண்டக்டருக்குக் கடிதம் எழுத நேரம் ஏது என்று தப்பிக்காதே. சில்லறை இல்லை என்று ஜனங்களிடம் சொல்லுகிறாயே, அதே சாக்குதான் இதுவும்.

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இந்த வருஷம் ரிஜிஸ்டர் எல்லாம் தெலுங்கில் இருக்கவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போனார். நாற்பத்தாறு வயதில் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிறேன். பாதிரியார் மாதம் ஒரு ஞாயிறுதான் வருகிறார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியாராகிய என் பிரசங்கம்தான். ஜனங்கள் பாவம், பொறுத்துக்கொள்ளுகிறார்கள்.

உன்னிடம் ஒரு யோசனை கேட்கவேண்டும். இனிமேல் சனிக்கிழமைதோறும் நான் எல்லையைத் தாண்டி வேலூர்ப் பக்கம் ஒன்பது மைல் போய்வரவேண்டும். பஸ் இருக்கிறதே என்பாய். பஸ்ஸில் நம் ஊரார் இருப்பார்கள், எங்கே ஐயா போகிறீர்கள் என்பார்கள். இது ஊருக்கும் மிஷனுக்கும் தெரியாமல் நடக்கவேண்டிய காரியம். தெரிந்தால் பள்ளிக்கூடம் போய்விடும், மிஷன் கொடுத்திருக்கும் இந்த வீடும் போய்விடும். என்ன காரியம் என்று இப்போது கேட்காதே. பழைய சைக்கிள் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது என்று எழுது.

பின்பக்கம் விறகு போட்டிருக்கும் அறைக்குத் தனியாக ஒரு வாசல் வைத்து, நான் அங்கே படுத்துக்கொள்ளப் போகிறேன். மண்சுவரை இடித்து வாசற்கால் நிறுத்துவது எனக்குக் கைவந்த வேலை. உன் அக்காளுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கும்,
அசரியா

*

திருப்பதி
21-6-1959

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும் இன்பசேகரனின் ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். தபீதாளுக்கு இது நாலாம் மாதம். வாந்தி நின்று, இப்போது என்னைத் தவிர எல்லாவற்றையும் தின்கிறாள்.

மாமா, ஊருக்குத் தெரியாத காரியம், வாராவாரம் வேலூர், பின்பக்கம் தனி வாசல். எனக்குப் புரிந்துவிட்டது. பிரசங்கம் பண்ணுகிறவர் சின்ன வீடு வைக்கலாமா? அக்காவிடம் நான் மூச்சு விடமாட்டேன். ஆனால் கடிதத்தை அவள்தான் முதலில் பிரிப்பாள் என்பது உங்கள் ஞாபகத்தில் இருக்கட்டும்.

சைக்கிளுக்கு வருவோம். வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். ரிம் கோணல் இருந்தால் பிரேக் கட்டையில் அங்கங்கே உரசும். முன் ஃபோர்க் சேருகிற இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால், உடைந்து பற்றவைத்த வண்டி, தொடாதீர்கள். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் குப்புற விழுவீர்கள். பஞ்சாயத்து லைசென்ஸ் வில்லை வாங்கிக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சந்தைக்குச் சந்தை நிறுத்துவான்.

ஒரு விதத்தில் சைக்கிள்தான் நல்லது. பஸ்ஸில் யார் யாரோ ஏறுகிறார்கள். போன வாரம் பூதலப்பட்டில் ஒருவன் போர்வை போர்த்திக்கொண்டு ஏறினான். காசை நீட்டும்போது பார்க்கிறேன், பாதி விரல் இல்லை. பெருவியாதி. தொத்து வியாதிக்காரனை ஏற்றக்கூடாது என்று ரூலே இருக்கிறது. விசில் அடித்து நடு ரோட்டில் இறக்கிவிட்டேன். வண்டியில் இருந்த ஜனம் அத்தனையும் என்னை மெச்சியது. அந்த சீட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னேன்.

சைக்கிள் வாங்கியதும் எழுதுங்கள். வேலூர்க்காரியின் பெயரையும் எழுதலாம்.

உங்கள் மச்சான்,
இன்பசேகரன்

*

குடிபாலா
2-8-1959

பிரியமான இன்பசேகரா, உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். தபீதாள் சாப்பிடுகிறாள் என்று கேட்க சந்தோஷம்.

வேலூர்க்காரி சமாசாரத்தைப் படித்து உன் அக்காள் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. பிறகு அடுத்த பத்தியைப் படித்தாள். அதற்குப் பிறகு கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

சைக்கிள் வாங்கினேன். நீ சொன்னபடி தலைகீழாக நிறுத்திப் பார்த்துத்தான் வாங்கினேன். விற்றவர் வெங்கடசாமி என்று ஒருவர், உபதேசியாருக்கு இவ்வளவு விஷயம் தெரியுமா என்று ஆச்சரியப்பட்டார். பின்பக்க வாசலும் வைத்தாயிற்று. வெள்ளையடித்து, கயிற்றுக் கட்டில் போட்டு, என் தட்டும் சொம்பும் அங்கேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சைக்கிளில் ஒரு தொந்தரவு. மழை பெய்தால் வலது கால் பெடலிலிருந்து வழுக்கி வழுக்கி இறங்குகிறது. போன சனிக்கிழமை எல்லைச் சாவடியில் இறங்கிப் பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது, ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மைல் திரும்பி வந்து எடுத்தேன். பெடலுக்கு ஏதாவது வழி சொல்.

நீ இறக்கிவிட்ட அந்த மனுஷன் பிறகு எப்படிப் போனான் என்று தெரியுமா?

உங்கள் க்ஷேமம் நாடும்,
அசரியா

*

திருப்பதி
9-8-1959

மாமாவுக்கு வணக்கமும் ஸ்தோத்திரமும். அக்காவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம், வீட்டைத் தவிர. கூரை ஒழுகுகிறது. போதாக்குறைக்கு மலைக் குரங்குகள் இறங்கி வந்து ஓட்டைப் புரட்டிப் போடுகின்றன. வீட்டு வேலையில் நீங்கள்தான் எனக்கு வாத்தியார். ஒழுங்காக ஓடு மாற்றுவது எப்படி என்று எழுதுங்கள்.

பெடல் விஷயம் ஒன்றுமே இல்லை. எங்கள் ஷெட்டில் மெக்கானிக்குகள் செய்வதைச் சொல்கிறேன். பெடலில் இருக்கும் ரப்பர் கட்டைகளைக் கழற்றி எறியுங்கள். மழையில் வழுக்குவது அதுதான். உள்ளே இரும்புத் தகடு பல் பல்லாக இருக்கும். செருப்பையும் வீட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடு மிதியுங்கள். இரும்பு காலைக் கவ்விப் பிடிக்கும். கொஞ்சம் குத்தும். அப்படிக் குத்தினால்தான் கால் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். குத்து தாங்கவில்லை என்றால் காலே தானாக நகர்ந்துகொள்ளும்.

அவன் எப்படிப் போனான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நடந்திருப்பான். இதையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டால் கண்டக்டர் வேலை பார்க்க முடியாது மாமா.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.
இன்பசேகரன்

*

குடிபாலா
4-10-1959

என் அன்பு மச்சானுக்கு, உன் வீட்டுக்கும் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் சமாதானம் உண்டாகட்டும். எலிசபெத்தின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

ஓட்டுக்கு வழி சொல்லுகிறேன். பழைய ஓட்டை எல்லாம் இறக்கி, தட்டிப் பார். கணீர் என்றால் நல்ல ஓடு, மொத்தென்றால் விரிசல். உளுத்த மூங்கில் வரிச்சுகளை மாற்று. இறவாணத்தில் தொடங்கி முகட்டை நோக்கி அடுக்கு, மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் நாலு விரற்கடை ஏறி உட்காரவேண்டும். முகட்டு ஓட்டைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துவிடு. சாந்தில் கடுக்காய்த் தண்ணீர் விட மறக்காதே. குரங்குக்கு மருந்து முகட்டில் நாலு கருவேல முள். முள் குத்தினால் அடுத்த முறை வராது.

நீ சொன்னபடியே பெடல் ரப்பரைக் கழற்றிவிட்டேன். இப்போது வழுக்கவில்லை, எட்டு வாரமாக நிம்மதியாகப் போய்வருகிறேன். குத்தும் என்று எழுதியிருந்தாய். குத்தவே இல்லை. இதை முன்பே உன்னிடம் கேட்டிருக்கலாம்.

நன்றியுடன்,
அசரியா

*

திருப்பதி
18-10-1959

மாமாவுக்கும் அக்காவுக்கும் ஸ்தோத்திரம். தபீதாளுக்கு டிசம்பரில் என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறாள். ஓட்டு வேலை முடிந்தது. கொட்டு கொட்டென்று கொட்டிய மழையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. நீங்கள் உபதேசம் பண்ணப் போகாமல் கொத்து வேலைக்குப் போயிருந்தால் இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பீர்கள்.

குத்தவில்லை என்றால் உங்கள் பெடலின் பல் தேய்ந்திருக்கிறது. அரத்தை எடுத்து நன்றாக ராவிக் கூராக்கிவிடுங்கள், பிடிப்பு இன்னும் வரும். உங்கள் கையெழுத்து ஏன் இப்படிக் கோணுகிறது? தெலுங்கு எழுதி எழுதித் தமிழ் மறந்துவிட்டதா?

இன்னொரு சங்கதி. எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். சித்தூர் வேலூர் வண்டியில் முனிரத்தினம் என்று ஒரு கண்டக்டர். என் கல்யாணத்தில் உங்களைப் பார்த்திருக்கிறான். எல்லை தாண்டி ஒரு புளியமரத்தடியில் சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரி வண்டி நின்று பெருவியாதிக்காரர்களுக்கு மாத்திரை கொடுக்கிறார்களாம். அந்த வரிசையில் உங்களைப் போல ஒருவரைப் பார்த்தேன் என்று சித்தூர் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் என்னைக் கேட்டான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அவரு எங்க மாமா இல்லப்பா. எங்க மாமாவுக்கு அங்க இன்னா வேலை?" என்று முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டேன்.

நீங்கள் இல்லைதானே? இல்லை என்று ஒரு கார்டு போட்டுவிடுங்கள்.

இன்பசேகரன்

*

குடிபாலா
20-12-1959

பிரியமான இன்பசேகரனுக்கு, உனக்கும் தபீதாளுக்கும் பிறந்திருக்கும் குழந்தைக்கும் கர்த்தருடைய கிருபை இருக்கட்டும். பெண் குழந்தை என்று எலிசபெத்துக்கு நீ போட்ட கார்டில் பார்த்தோம். என்னை நீ அதில் விசாரிக்கவில்லை.

நான்தான் அது. எனக்குக் குஷ்டம்.

தொடையில் வெளுப்பாக ஒரு தேமல் ஆறு வருஷமாக இருந்தது. தேமல்தானே என்று விட்டுவிட்டேன். மே மாதம் லாந்தர் கண்ணாடியில் கை பட்டு, தோல் பொசுங்குகிற வாடையில்தான் கை சுட்டது தெரிந்தது. அன்றைக்கே வேலூருக்குப் போனேன். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, குத்துகிற இடத்தைச் சொல்லுங்கள் என்றார். இவர் எப்போது குத்த ஆரம்பிப்பார் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தால் ஊசி காலில் நிற்கிறது.

இது லேசில் தொத்தாது, மாத்திரை சாப்பிட்டால் நின்றுவிடும் என்றார்கள். நின்றும் விட்டது. ஆனால் கால் போய்க்கொண்டிருக்கிறது. நவம்பரில் ஆஸ்பத்திரி வண்டியில் என் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்கள். பெடலின் பற்கள் வரிசையாகப் பதிந்து எலும்பு வரைக்கும் புண். இரண்டு மாதமாக வாசலில் ரத்தத்தைப் பார்த்து, கோழிக்கு அடிபட்டதா என்று எலிசபெத் தேடிக்கொண்டிருந்தாள். யார் இந்த யோசனை சொன்னது என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். சைக்கிள் கடைக்காரன் என்று சொல்லிவைத்தேன்.

மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டும் என்கிறார்கள். அதற்கு லீவு வேண்டும், லீவுக்குச் சர்ட்டிபிகேட் வேண்டும், சர்ட்டிபிகேட்டில் வியாதியின் பெயர் வேண்டும். பரீட்சை முடிகிற வரைக்கும் தள்ளிவிட்டால் கோடை விடுமுறையில் யாருக்கும் தெரியாமல் படுத்துவிடுவேன். அதுவரைக்கும் வாராவாரம் புண்ணைக் கழுவிக் கட்டுவதற்குப் போயாகவேண்டும். சைக்கிள் மிதிக்கக்கூடாது என்றுவிட்டார்கள். ஆகையால் பஸ்தான்.

மச்சான், முனிரத்தினத்திடம் ஒரு வார்த்தை சொல்லுகிறாயா? இவர் எங்கள் மாமா, சனிக்கிழமை ஏற்றிக்கொண்டு போ என்று, அவ்வளவு போதும்.

அசரியா

*

திருப்பதி
31-1-1960

மாமாவுக்கு ஸ்தோத்திரம். குழந்தை நலம். தபீதாள் நலம். ஆறு வாரமாக எழுதுகிறேன், கிழிக்கிறேன்.

பெடல் விஷயத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை. எனக்குத் தெரியாது மாமா. சத்தியமாகத் தெரியாது.

ஆனால் முனிரத்தினத்திடம் சொல்வதற்கு இல்லை. அவனிடம் இல்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லியாயிற்று. இப்போது ஆமாம் என்றால் ஸ்டாண்ட் முழுக்கத் தெரியும். கைக்குழந்தை இருக்கிற வீடு. யார் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள்? என்னைத்தான் வண்டியில் வைத்துக்கொள்வார்களா?

அதற்குப் பதிலாக ஒரு வழி சொல்கிறேன். நாங்கள் முதலில் பார்ப்பது கையைத்தான். ஆகையால் சரியான சில்லறையை முன்பே கைக்குட்டையில் முடிந்து வைத்து, கைக்குட்டையோடு நீட்டுங்கள். குடிபாலாவில் ஏறாமல் ஒரு ஸ்டாப் முன்னால் நடந்துபோய், சந்தைக் கூட்டத்தோடு ஏறுங்கள். கடைசி சீட்டு வேண்டாம், அங்கேதான் நாங்கள் நின்று எண்ணுவோம். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து, காலைச் சீட்டுக்குக் கீழே இழுத்துக்கொள்ளுங்கள். கையில் வேதப் புஸ்தகம் இருக்கட்டும், படிக்கிறவரை யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை. புண்ணுக்கு மேல் சாக்ஸ் போட்டு யூகலிப்டஸ் தைலம் தெளியுங்கள்.

யார் கேட்டாலும் என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இன்பசேகரன்

*

குடிபாலா
6-3-1960

இன்பசேகரனுக்கு, குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? பார்க்க வருவேனோ என்று பயப்படவேண்டாம்.

எழுத்து புரியாவிட்டால் தபீதாளிடம் கொடுத்துப் படி. பென்சிலை விரலில் கட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நீ சொல்லிக்கொடுத்தபடி நாலு சனிக்கிழமை போய்வந்துவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கள்ளக்கடத்தல்காரனுக்கு இருக்கிற புத்தி எனக்கும் வந்துவிட்டது. நேற்று வெயில், தைலத்துக்கு மேல் புண் நாறியது. பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து என் காலைப் பார்த்துக் கத்தினாள். கண்டக்டர் வந்தார். என் முகத்தை இரண்டு தடவை உற்றுப் பார்த்தார். ஏதோ கேட்க வந்து, கேட்காமல், "எறங்கிடுங்க ஐயா. ஜனம் கத்திக்கினு இருக்குது, நான் இன்னா பண்றது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். உன் பெயரைச் சொல்லவில்லை.

நாலு மைல். நடந்திருப்பான் என்று எழுதியிருந்தாய். ஆம், நடக்கலாம். வலி இல்லாத காலாக இருந்தால் முழுக்க நடந்துவிடலாம்.

காய்ச்சல் வருகிறது, நிறுத்துகிறேன்.
அசரியா

*

திருப்பதி
13-3-1960

மாமா, உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நான் நானாக இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுதக்கூடக் கை வரவில்லை.

நான் வருகிறேன். வாடகைக் கார் ஒன்று சொல்லிவைத்துவிட்டேன். பின் சீட்டில் மெத்தை போட்டு, உங்களைப் படுக்கவைத்து நேரே ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகிறேன். டிரைவரிடம் உண்மையைச் சொல்லித்தான் பேசினேன். இன்றைக்கே கிளம்பியிருப்பேன். ஏப்ரல் ஒன்றாம் தேதி திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேருகிறது, எங்கள் வண்டிகளின் பெர்மிட், டிக்கெட் எல்லாம் மாறுகிறது. அதுவரை ஒருவருக்கும் லீவு இல்லை என்று முதலாளி கையை விரித்துவிட்டார். இரண்டாம் தேதி சனிக்கிழமை காலையில் கார் உங்கள் வாசலில் நிற்கும்.

அதுவரை காலைத் தரையில் ஊன்றவேண்டாம். அக்கா, வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவு. தலையணை வைத்துக் காலை உயர்த்தி வை. மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு மார்த்தாள் என்று பெயர். நீங்கள்தான் கையில் எடுத்து ஜெபிக்கவேண்டும்.

உங்கள் இன்பசேகரன்

*

குடிபாலா
27-3-1960

தம்பி இன்பசேகரனுக்கு அக்காள் எலிசபெத் எழுதுவது. நீயும் தபீதாளும் மார்த்தாளும் சுகமாக இருக்கவேண்டும்.

மாமா வெள்ளிக்கிழமை விடிந்ததும் காலமாகிவிட்டார். அந்த நாலு மைல் நடந்ததில் புண் உள்ளே போய், சிவப்புக் கோடு தொடை வரைக்கும் ஏறிவிட்டது. இருபது நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தினமும் கெஞ்சினேன். மச்சான் கார் கொண்டுவருவதாக எழுதியிருக்கிறான், அவன் வரட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி மூன்று நாள் பிதற்றல். அப்போது வண்டி கட்டச் சொல்லி நானே தெருவில் நின்று கத்தினேன். ஊருக்கு அப்படித்தான் தெரிந்தது. பக்கத்துப் பொன்னியம்மா வீட்டில் மாட்டைப் பூட்டினார்கள். எல்லைச் சாவடி வரைக்கும் போனோம், அதற்குள் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலமே கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டோம். உனக்குத் தந்தி கொடுக்கவேண்டாம் என்று சொன்னது நான்தான்.

வீட்டை இம்மாதக் கடைசியில் காலி பண்ணச் சொன்னார்கள். பாதிரியார் பேசி இன்னும் இரண்டு வாரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

பெடல் உன் தப்பு இல்லை. உனக்குத் தெரியாது. மாமாவும் அதை ஒரு நாளும் உன் மேல் சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன்.

நேற்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். காக்கிச் சட்டை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலிலேயே குந்திக்கொண்டு அழுதார். முனிரத்தினம் என்றார். மாமாவை இறக்கிவிட்டது அவர்தானாம். கல்யாணத்தில் பார்த்த முகம் என்று அன்றைக்கே தோன்றியதாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இன்பசேகரனை முன்னாடியே கேட்டேம்மா. எங்க மாமா இல்லன்னு நாலு பேர் எதிர்ல சொன்னாரு. ஆமான்னு சொல்லியிருந்தா, ஜனம் இன்னா கத்தினாலும் என் பக்கத்துல குந்த வச்சி கூட்டிக்கினு போயிருப்பேனே."

 கஞ்சி கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்காக ஜெபக் கூட்டம். நீ வரவேண்டும். காரை வேண்டாம் என்று சொல்லிவிடு. சித்தூரில் முனிரத்தினம் வண்டியிலேயே ஏறு. அவர் டிக்கெட் கிழிக்கிறபோது, எங்கே போகிறாய், யாருக்காகப் போகிறாய், அவர் உனக்கு என்ன முறை என்று வண்டியில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்லு. சொல்லிவிட்டு வா. சொல்ல முடியாவிட்டால் வரவேண்டாம்.

எலிசபெத்